ஓர் அடைமொழியும் இரண்டு உராய்வுகளும்

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரி இயற்பியல் துறை நண்பர் ஒருவர், தாம் எழுதிய கட்டுரையொன்றை மொழிநடை பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார். அதில் ‘உலர் உராய்வு’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வந்தது. உராய்வு என்றாலே உலர்ந்த பொருள்கள் ஒன்றோடொன்று தேய்வதுதானே, இந்த அடைமொழி மிகை என்று கருதி, வந்த இடங்களிலெல்லாம் ‘உலர்’ என்பதைச் சிவப்பு மையால் அடித்துவிட்டேன். மறுநாள் தாளுடன் வந்த நண்பர் கோபப்படவில்லை. “நீங்கள் அடித்த சொல்லைத்தான் இயற்பியலாளர்கள் பலரும் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் அடித்து வைத்திருந்தார்கள்” என்று மட்டும் சொன்னார். அவர் சொன்னதன் பொருளை விளங்கிக்கொள்ளத் தேடிப் படித்ததன் விளைவே இக்கட்டுரை. நான் இயற்பியல் பயின்றவன் அல்லன். சொற்களின் வரலாற்றில் ஈடுபாடுள்ள தமிழ் மாணவன் என்ற முறையிலேயே இதை எழுதுகிறேன்.

இதில் இரண்டு வரலாறுகள் உள்ளன. ஒன்று, ஒரு திடப்பொருள் மற்றொன்றின்மீது நகரும்போது தோன்றும் தடையின் வரலாறு. மற்றொன்று, நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் அலைவதன் வரலாறு. இரண்டையும் இணைக்கும் சொல் உராய்வு. அந்தச் சொல் ஒன்றாக இருந்ததே, அது குறிக்கும் பொருள்கள் இரண்டு என்பதை மறைத்துவிட்டது என்பது என் எண்ணம்.

*

முதல் வரலாறு லியனார்டோ டா வின்சியிடம் தொடங்குகிறது. இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ள அவருடைய குறிப்பேடு ஒன்றில், 1493-ஆம் ஆண்டைச் சேர்ந்த சிறு பக்கத்தில், கட்டைகளைக் கயிறும் கப்பியும் கொண்டு இழுக்கும் கோட்டுப்படங்கள் உள்ளன. உராய்வின் விதிகளை அவர் உணர்ந்திருந்ததற்கான முதற் சான்று இப்பக்கமே என்று கேம்பிரிட்ஜ் பேராசிரியர் இயன் ஹட்சிங்ஸ் 2016-இல் எடுத்துக்காட்டினார். லியனார்டோ எதையும் அச்சிடவில்லை. ஆகவே அவருடைய கண்டுபிடிப்பு யாருக்கும் பயன்படாமல் குறிப்பேட்டுக்குள்ளேயே கிடந்தது.

இருநூறு ஆண்டுகள் கழித்து, 1699-இல், பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் கியோம் அமொந்தோன் அதே விதிகளைப் புதிதாகக் கண்டு உரைத்தார். இளமையிலேயே செவிப்புலனை இழந்தவர் அவர். உராய்வு, அழுத்தும் எடைக்கு நேர்விகிதத்தில் அமையும் என்பது அவர் கூறிய ஒரு விதி. ஏறத்தாழ எடையில் மூன்றில் ஒரு பங்கு என்று அவர் கணக்கிட்டார். தொடும் பரப்பின் அளவுக்கும் உராய்வுக்கும் தொடர்பில்லை என்பது மற்றொரு விதி. செங்கல்லைப் படுக்கையாக இழுத்தாலும் செங்குத்தாக நிறுத்தி இழுத்தாலும் தடை ஒன்றே என்பதைக் கழகத்தார் எளிதில் நம்பவில்லை. ஃபிலிப் தெ லா ஹீர் தனியே சோதித்துப் பார்த்த பின்னரே அது ஏற்கப்பட்டது.

மூன்றாவது பெயர் சார்ல் கூலோம். மின்னேற்ற விதிக்காக நாம் பள்ளியில் படிக்கும் அதே கூலோம்தான். அடிப்படையில் அவர் இராணுவப் பொறியாளர். மார்த்தினிக் தீவில் கோட்டை கட்டும் பணியில் ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் உழைத்து, உடல்நலம் கெட்டுத் திரும்பியவர். எளிய இயந்திரங்களைப் பற்றி அறிவியல் கழகம் அறிவித்த பரிசுக்காக, ரோஷ்ஃபோர் கப்பல் கட்டும் தளத்தில் மரத்தையும் உலோகத்தையும் இழுத்து இழுத்துச் சோதித்தார். 1781-இல் பரிசு அவருக்குக் கிடைத்தது. கப்பலைத் தளத்திலிருந்து கடலில் இறக்குவதும், பாரம் தூக்கும் கயிறுகளின் விறைப்பும் அவர் முன்னிருந்த கேள்விகள். தூய அறிவின் தாகம் அன்று, தொழிற்கூடத்தின் தேவையே அந்த ஆய்வைப் பிறப்பித்தது.

கூலோம் கண்டவற்றுள் இரண்டு நம் கதைக்கு இன்றியமையாதவை. ஒன்று, நகரத் தொடங்கிய பின் உராய்வு வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறுவதில்லை. மெதுவாக இழுத்தாலும் விரைந்து இழுத்தாலும் தடை ஏறக்குறைய ஒன்றே. மற்றொன்று, பொருளை அசையாமல் வைத்திருந்தால், நேரம் செல்லச் செல்ல அதை அசைக்கத் தேவையான விசை கூடுகிறது. ஓய்ந்திருந்த பொருள் தன் இருப்பிடத்தில் வேரூன்றிவிடுகிறது என்று நம் மொழியில் சொல்லலாம்.

இவை ஏன் என்பதற்கான விளக்கம் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தெளிவுபெற்றது. கேம்பிரிட்ஜில் பௌடனும் டேபரும் செய்த ஆய்வுகள், 1950-இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் தொகுக்கப்பட்டன. வழவழப்பாகத் தோன்றும் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமானது. இரண்டு பரப்புகள் உண்மையில் தொடுவது சில மேடுகளின் முனைகளில் மட்டுமே. எடை கூடினால் அம்முனைகள் நசுங்கி, உண்மையான தொடுபரப்பு கூடும். கண்ணுக்குத் தெரியும் பரப்பு எவ்வளவு என்பது ஒரு பொருட்டல்ல. தொட்டபடியே நெடுநேரம் இருந்தால் முனைகளின் பிணைப்பு வலுக்கிறது. அமொந்தோன் வியப்புடன் கண்டதற்கும் கூலோம் பொறுமையாக அளந்ததற்கும் காரணம் இதுவே.

*

இரண்டாவது வரலாறு 1827-இல் இலண்டனில் தொடங்குகிறது. ராபர்ட் பிரௌன் என்னும் ஸ்காட்லாந்துத் தாவரவியலாளர், கிளார்க்கியா புல்செல்லா என்ற மலரின் மகரந்தத் துகள்களை நீரிலிட்டு நுண்ணோக்கியால் பார்த்தார். மகரந்தத்தின் உள்ளிருந்த மிகச் சிறிய துகள்கள் இடைவிடாமல் துடித்து அலைந்தன. உயிரின் அடிப்படைத் துடிப்பைக் கண்டுவிட்டோமோ என்று அவர் மயங்கியிருக்கலாம். ஆனால் அவர் ஐயத்தை விடாமல் பின்தொடர்ந்தவர். கண்ணாடி, உலோகம், பாறை ஆகியவற்றையும் பொடித்து நீரிலிட்டுப் பார்த்தார். எகிப்தின் ஸ்ஃபிங்ஸ் சிலையின் கல்துணுக்கும் அவற்றுள் ஒன்று. எல்லாம் அலைந்தன. உயிருக்கும் இந்த அலைவுக்கும் தொடர்பில்லை என்று 1828-இல் அவர் எழுதினார்.

காரணம் தெரிய ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் ஆயின. 1905-இல், பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் பணியாற்றிய இருபத்தாறு வயது ஐன்ஸ்டைன், நீர் மூலக்கூறுகளின் மோதல்களே இந்த அலைவுக்குக் காரணம் என்று கணக்கிட்டுக் காட்டினார். அதே ஆண்டில் மெல்போர்னில் வில்லியம் சதர்லண்ட் அதே வாய்பாட்டைத் தனியே அடைந்திருந்தார். 1906-இல் போலந்து நாட்டு இயற்பியலாளர் ஸ்மொலுகோவ்ஸ்கி வேறு வழியில் அங்கு வந்து சேர்ந்தார். அலையும் துகள் இரு மடங்கு தொலைவு விலகிச் செல்ல நான்கு மடங்கு காலம் வேண்டும் என்பது இவர்களுடைய கணக்கின் சாரம். மர வகையொன்றிலிருந்து வடியும் மஞ்சள் பிசினைக் கொண்டு உருட்டிய நுண்துகள்களை 1908 முதல் அளந்து, ஜான் பெரான் இக்கணக்கைச் சோதனையால் உறுதிசெய்தார். அணு உண்டா இல்லையா என்ற பழைய வழக்குக்கு அதுவே தீர்ப்பாயிற்று. அவருக்கு 1926-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பெரானின் நண்பரான பால் லாஞ்செவென் 1908-இல் இதே கணக்கை மிக எளிய வடிவில் எழுதினார். துகளின்மீது இரண்டு விசைகள் செயல்படுகின்றன. ஒன்று, திசை தெரியாமல் விழும் மோதல்களின் தள்ளல். மற்றொன்று, துகளின் வேகத்துக்கு நேர்விகிதத்தில் அமைந்து அதைத் தடுக்கும் விசை. இத்தடையின் அளவைக் குறிக்கும் எண்ணை இயற்பியல் நூல்கள் உராய்வுக் கெழு என்றே அழைக்கின்றன. நான் தடுக்கி விழுந்த இடமும் இதுதான்.

ஏனெனில் இது கூலோமின் உராய்வு அன்று. தேனுக்குள் கரண்டியை நகர்த்தும்போது உணரும் பாகுநிலைத் தடை இது. வேகம் பாதியானால் தடையும் பாதியாகும். வேகம் சுழியானால் தடையும் சுழி. ஆகவே ஓய்ந்திருக்கும் துகளை எவ்வளவு மெல்லிய தள்ளலும் அசைத்துவிடும். நீருக்குள் எந்தத் தள்ளலும் வீணாவதில்லை. திடப்பரப்பின்மீது கிடக்கும் பொருளின் நிலை வேறு. அங்கே தடைக்கு ஒரு வாயிற்படி உண்டு. அந்த அளவை எட்டாத தள்ளல்கள், நூறு வந்தாலும் ஆயிரம் வந்தாலும், எந்தத் தடயமும் விட்டுச்செல்வதில்லை.

மற்றொரு வேறுபாடு இன்னும் ஆழமானது. நீரில் துகளைத் தள்ளுவன எவையோ அவையே அதைத் தடுக்கின்றன. இரண்டும் ஒரே மூலக்கூறுகளின் செயல். எனவே தள்ளலின் வலிமையையும் தடையின் வலிமையையும் வெப்பநிலை என்ற ஒன்றே பிணைக்கிறது. ஐன்ஸ்டைன் வாய்பாட்டின் அழகு இந்தப் பிணைப்பில்தான் இருக்கிறது. மேசைமேல் கிடக்கும் மணலுக்கு அப்படியொரு பிணைப்பு இல்லை. ஒரு மில்லிகிராம் எடையுள்ள மணலை, அமொந்தோனின் மூன்றில் ஒரு பங்குக் கணக்குப்படி ஒரு மில்லிமீட்டர் நகர்த்தத் தேவையான ஆற்றல், அறை வெப்பநிலையில் ஒரு மூலக்கூறுக்குரிய வெப்ப ஆற்றலைப்போல ஏறத்தாழ 80,000 கோடி மடங்கு. வெப்பத்தின் துடிப்பு அதை அசைக்கப்போவதில்லை. அதிர்வு வெளியிலிருந்து வரவேண்டும்.

*

இவ்விரு வரலாறுகளும் நெடுங்காலம் ஒன்றையொன்று பாராமல் நடந்தன. இடையில் ஒரு பொறியியல் ஆய்வு உண்டு. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த காகி, டீன்ஸ் என்பவருடன் சேர்ந்து 1961-இல் வெளியிட்ட கட்டுரையில், ஒழுங்கற்ற அதிர்வுக்கு ஆட்பட்ட, மாறாத அளவுள்ள தடையை எதிர்கொள்ளும் பொருளின் கணக்கைத் தீர்த்திருந்தார். இயற்பியலாளர்களிடையே அது பரவலான பேச்சாகவில்லை.

2005-இல் பியர்-ஜில் தெ ஜென், ‘உலர் உராய்வுடன் கூடிய பிரௌனியன் இயக்கம்’ என்ற பொருளில் சில பக்கங்களே கொண்ட கட்டுரையொன்றை வெளியிட்டார். நீர்மப் படிகங்கள், நெடுமூலக்கூறுகள் பற்றிய ஆய்வுக்காக 1991-இல் நோபல் பரிசு பெற்றவர் அவர். அப்போது எழுபது வயதைக் கடந்திருந்தார். 2007-இல் மறைந்தார். அதே 2005-இல் ஜப்பானில் ஹிசாவோ ஹயகாவாவும் இதே கேள்வியை எடுத்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு செய்தி மனத்தைத் தொடுகிறது. பாரிஸ் நகரின் இயற்பியல், வேதியியல் தொழிற்கல்விக் கூடத்தில் மாணவராகப் பயின்று, பின்னர் அதன் இயக்குநராக விளங்கியவர் லாஞ்செவென். அதே கூடத்தின் இயக்குநராக 1976 முதல் 2002 வரை இருந்தவர் தெ ஜென். முன்னவர் எழுதிய சமன்பாட்டில் பாகுநிலைத் தடை இருந்த இடத்தில், பின்னவர் கூலோமின் தடையை எடுத்து வைத்தார். மாற்றியது ஓர் உறுப்பு மட்டுமே.

விளைவு சிறியதன்று. பாகுநிலைத் தடையில், அலையும் துகளின் வேகங்களை அடுக்கிப் பார்த்தால் நாம் அறிந்த மணி வடிவ வளைகோடு கிடைக்கும். உலர் உராய்வில் மணி மறைகிறது. நடுவில் கூரிய முனையும் இருபுறமும் சரிவுமாக, கூடாரம் போன்ற வடிவம் தோன்றுகிறது. மிக மெதுவான வேகங்கள் மிகுதி. எனினும் எப்போதாவது வரும் பெருவேகங்களும், மணி வடிவத்தோடு ஒப்பிட்டால், அதிகம்.

துகள் பரவும் விதமும் மாறுகிறது. நீரில் வெளியதிர்வின் வலிமையை இரட்டித்தால் விரவலும் இரட்டிக்கும். உலர் பரப்பில் அது எட்டு மடங்காகிறது. காரணத்தை எளிதில் காணலாம். அங்கே அதிர்வு இரட்டித்தால் துகளின் வழக்கமான வேகமும் இரட்டிக்கிறது. தடை மாறாத அளவுள்ளது என்பதால், இருமடங்கு வேகத்தில் செல்லும் துகள் நிற்பதற்கு இருமடங்கு நேரம் ஆகிறது. விரவல் என்பது வேகத்தின் இருமடியை அந்த நேரத்தால் பெருக்கியதைப் பொறுத்தது. நான்கை இரண்டால் பெருக்க எட்டு. இதையே தலைகீழாகவும் படிக்கலாம். அதிர்வைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால் விரவல் ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். கணக்கில் துகள் இன்னும் அலைந்துகொண்டுதான் இருக்கிறது. பார்ப்பவர் கண்ணுக்கு அது நின்றுவிட்டது.

2010-இல் டூஷெட்டும் உடனாய்வாளர்களும் இந்தக் கணக்குக்குக் காலப்போக்குடன் கூடிய முழுத் தீர்வை அளித்தனர். அதற்கு முன்பே, அமெரிக்காவின் லீஹாய் பல்கலைக்கழகத்தில் மனோஜ் சௌத்ரியும் மாணவர்களும் இதைச் சோதனைக்கு உட்படுத்தியிருந்தனர். அதிர்வால் நகரும் நீர்த்துளிகளைப் பற்றி 2005-இல் தெ ஜென்னுடன் இணைந்து எழுதியவர் சௌத்ரி. 2009-இல் வெளிவந்த ஆய்வில், திடப்பரப்பின்மீது ஒரு சிறு கண்ணாடிப் பட்டகத்தை வைத்து, அதை மெல்ல ஒருபுறம் ஈர்க்கும் விசையோடு ஒழுங்கற்ற அதிர்வையும் கொடுத்தார்கள். ஈர்ப்பு மட்டும் இருந்தபோது பட்டகம் அசையவில்லை. வாயிற்படியைத் தாண்ட அந்த விசை போதவில்லை. அதிர்வைச் சேர்த்ததும் அது முன்னும் பின்னும் துள்ளியபடியே, மொத்தத்தில் ஈர்ப்பின் திசையில் நகர்ந்தது. அதிர்வு கூடக்கூட நகர்வும் விரைந்தது.

இதைப் படித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது முறம். புடைத்த அரிசியை முறத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் அது சரிவதில்லை. விளிம்பை விரலால் தட்டத் தட்டத்தான் மெல்ல இறங்குகிறது. தட்டுவதற்குத் திசையில்லை, சாய்வுக்கு வலுவில்லை. இரண்டும் சேரும்போது வேலை நடக்கிறது. நம் வீட்டுப் பெண்களின் விரல்கள் நன்கறிந்த செய்தி இது. ஆனால் தட்டுதலுக்கும் நகர்வுக்கும் இடையிலுள்ள விகிதம் என்ன என்ற கேள்விக்குக் கைப்பழக்கம் விடை தருவதில்லை. அதற்கு அந்தக் கண்ணாடிப் பட்டகம் தேவைப்பட்டது.

இன்னும் வியப்பான முடிவு 2013-இல் உரோமிலிருந்து வந்தது. ஞோலி, புலீசி முதலியோர், அதிரும் கலத்தில் துள்ளும் சிறுகுண்டுகளுக்கு நடுவே, இருபுறமும் ஒத்திராத வடிவமுடைய ஒரு சுழலியைத் தொங்கவிட்டனர். குண்டுகள் எல்லாத் திசையிலிருந்தும் மோதுகின்றன. சுழலியின் அச்சில் உலர் உராய்வு உண்டு. ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையில் உராய்வு சுழலியை நிறுத்திவிடும் அளவுக்கு வலுவாக இருந்தால், சுழலி ஒரே திசையில் தொடர்ந்து சுழலத் தலைப்படுகிறது. வெப்பச் சமநிலையிலுள்ள ஊடகத்தில் இத்தகைய சுழற்சியைப் பெற இயலாது என்பதை ஸ்மொலுகோவ்ஸ்கி 1912-லேயே விளக்கியிருந்தார். இங்கே சமநிலையைக் குலைப்பது உராய்வு. தடுப்பது மட்டுமே தன் தொழில் என்று நாம் நினைத்திருந்த ஒன்று, தற்செயலுக்குத் திசை கொடுத்துவிடுகிறது.

*

கூலோமின் பரிசுக் கட்டுரைக்கும் தெ ஜென்னின் கட்டுரைக்கும் இடையில் 224 ஆண்டுகள். லாஞ்செவெனிலிருந்து எண்ணினாலும் 97 ஆண்டுகள். ஏன் இவ்வளவு தாமதம்?

கணிதச் சிக்கலை ஒரு காரணமாகச் சொல்லலாம். கூலோமின் தடை, வேகம் சுழியைக் கடக்கும் கணத்தில் சட்டென்று திசை மாறுகிறது. அத்தகைய திடீர் மாற்றத்தைச் சமன்பாடுகள் விரும்புவதில்லை. ஆனால் 1961-லேயே ஒருவர் தீர்த்திருக்கிறார் என்றால், கணிதம் மட்டும் தடையாக இருந்திருக்க முடியாது. பிரௌனியன் இயக்கத்தை ஆராய்ந்தவர்களுக்கு அணுவின் இருப்பு என்ற பெரிய வினா முன்னின்றது. கப்பல் தளத்தில் மரக்கட்டை வழுக்குவது அவர்கள் பார்வையில் படவில்லை. கட்டையை ஆராய்ந்தவர்களுக்கோ இயந்திரம் ஓடவேண்டும் என்பதே கவலை. அதிர்வு அவர்களுக்குத் தொல்லை மட்டுமே.

மூன்றாவது காரணம் என் துறையைச் சேர்ந்தது. இரு சாராரும் உராய்வு என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்தினர். சொல் ஒன்றாக இருந்ததால், உராய்வைக் கணக்கில் சேர்த்தாகிவிட்டது என்ற நிறைவு பிறந்தது. சேர்த்தது எந்த உராய்வு என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பல சொல் இருப்பதை நாம் செல்வமாகக் கொண்டாடுகிறோம். பல பொருளுக்கு ஒரு சொல் இருக்கும்போது நேரும் இழப்பு கண்ணில் படுவதில்லை. தமிழில் கலைச்சொல் ஆக்குவோரும், என்னைப்போல அவற்றைத் திருத்தப் புகுவோரும் இதை மனத்தில் கொள்வது நல்லது.

கூலோமின் விதியும் இறுதியானதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். உண்மையான பரப்புகளில் தடை, வேகத்தையும் ஓய்ந்திருந்த நேரத்தையும் பொறுத்துச் சிறிதளவு மாறுகிறது. அதைக் கூலோமே கண்டிருந்தார். தெ ஜென்னின் சமன்பாடு இந்த நுணுக்கங்களை விட்டுவிட்ட எளிய வடிவம். உலர் உராய்வு என்ற சொல்லுக்குள்ளும் இன்னும் பிரிக்கப்படாத பொருள்கள் இருக்கக்கூடும்.

நண்பரின் கட்டுரையை மறுமுறை வாங்கி, நான் அடித்த இடங்களிலெல்லாம் ‘உலர்’ என்பதைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன். பதினேழு இடங்கள்.